ஜோடி சேராத ஒரு சொல்

தீப்பெட்டி இல்லாத ஆள் என்றுதான் அந்த வார்த்தைக்கு ஞானசீலன் ஒரு காலத்தில் அர்த்தம் பண்ணி வைத்திருந்தான். காலையில் கம்பெனி பஸ்ஸின் படிக்கட்டருகே அதைச் சொன்னதும் சுகிர்தா சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள் கிடந்தது. கண்ணை மூடினால் சத்தம் கூடியது, திறந்தால் குறைந்தது. வெளிச்சம் வராதிருக்க ஜன்னலில் அவன் சொருகியிருந்த செருப்புப்பெட்டி அட்டையின் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு வெயில். தூங்கணும். தூங்காவிட்டால் ராத்திரி மேஜையில் இடதுகால் எது வலதுகால் எது என்று தெரியாது. ஷூ கம்பெனியில் பகல் ஷிப்டுப் பெண்களை இறக்கிவிடும் அதே பஸ்தான் ராத்திரி ஷிப்டு ஆண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்குத் திரும்பும். அவள் இறங்க, அவன் ஏற, நடுவில் வீட்டுச் சாவி கைமாறும். பெனிட்டா பிறந்ததிலிருந்து அப்படித்தான். குழந்தையோடு எந்நேரமும் ஒருத்தர் இருக்கணும் என்று அவன் ராத்திரியை எடுத்துக்கொண்டான், அவள் பகலை, காலையில் பஸ் நேரத்துக்கு மட்டும் பக்கத்து வீடு. இப்போது பெனிட்டா பெங்களூரில் வேலைக்குப் போய் ஹாஸ்டலில் இருக்கிறாள், அவளைக் காவல் காத்த ஏற்பாடு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது, வாடகைக்கு வந்தவன் போனபிறகும் சுவரில் நிற்கிற அவன் ஆணி மாதிரி.

“யோவ், புது ஆர்டர் பெட்டியில மேட்ச்லெஸ்னு எழுதிக்கிறாங்களே, இன்னா அது?” என்றாள் சுகிர்தா காலையில் படியிலிருந்து இறங்கும்போதே.

“ஈடு இணை இல்லாததுன்னு அர்த்தம்.”

“அப்ப என்னைப் பத்திதான் எழுதிக்கிறாங்க.”

“மொதல்ல நான் தீப்பெட்டி இல்லாதவன்னு நெனச்சிகினு இருந்தேன்.”

“பீடியைக் காதுல சொருவிகினு தெருத்தெருவா நெருப்பு கேட்டுனு திரிஞ்சியே, அந்த ஆளா?”

“அந்த ஆளுதான்.”

டிரைவர் ஹாரன் அடித்தார். “அக்கா, புருசன் பொண்டாட்டி பேச்செல்லாம் வூட்ல வெச்சிக்குங்க.”

“வூட்ல எங்கண்ணா பாக்கறோம்?” என்றாள் அவள் திரும்பாமலே. பஸ்ஸே சிரித்தது. சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். “இணையில்லாததுன்னா சரி, அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு? சாயங்காலம் சொல்லு. எங்க லைன்ல புனிதா கேட்டா, எங்க வூட்டுக்காரருக்குத் தெரியும்னு சொல்லி வெச்சிக்கிறேன்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளிடம் சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது. நாக்கு நுனி வரை வந்து, பல்லில் முட்டி, திரும்பி உள்ளே போன விஷயம். ராத்திரி சூப்பர்வைசர் அல்தாப் கேட்டதை அவளிடம் சொல்லியிருக்கணும். படிக்கட்டில் சொல்கிற விஷயமா அது? படிக்கட்டைத் தவிர வேறு எங்கே சொல்வது? சாயங்காலம் அவள் வந்து குளித்துவிட்டு வருவதற்குள் அவன் சட்டை மாட்டிக்கொண்டு நிற்பான், அப்போது தோசைக்கல் சூடாகும், குழாயில் தண்ணீர் வரும், பெனிட்டா போன் பண்ணுவாள், ஊர்ப்பட்ட சங்கதிகளும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வந்து விழும். தூங்கணும். புரண்டு படுத்தான். கட்டிலில் அவள் படுத்து எழுந்த பள்ளம் இருக்கிறதே, அதில்தான் அவன் தினமும் படுப்பான். தலையணையில் அவளுடைய எண்ணெய் வாசனை, அதன்மேல் அவன் தலையின் வாசனை. இரண்டும் கலந்து இப்போது இருவருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது வாசனை ஒன்று உண்டாகியிருந்தது. அவன் விரல்களில் எந்தச் சோப்புக்கும் போகாத, ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் நெடி. அதை மோந்து பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது, குழந்தைகள் போர்வை நுனியை மோந்து பார்ப்பது போல. இன்றைக்கு மோந்து பார்த்தும் வரவில்லை.

மேட்ச்லெஸ். அவனுடைய வேலையே மேட்ச் பண்ணுவதுதான் என்பதை அவள் யோசித்திருப்பாளா? யோசிக்காமலா அத்தனை வார்த்தைகளை விட்டுவிட்டு இதைக் கேட்டாள்? நீளமான மேஜை, மேலே வரிசையாக ட்யூப் லைட், ஒரு பக்கம் இடதுகால் ஷூக்களின் குவியல், மறுபக்கம் வலதுகால். ஒரே அளவு, ஒரே அச்சு, ஒரே சாயம். ஆனால் தோல் ஒன்றல்ல. இது ஒரு ஆட்டின் முதுகு, அது வேறொரு ஆட்டின் வயிறு. ஒன்று கொஞ்சம் செம்மை, ஒன்று கொஞ்சம் மஞ்சள். ஒன்றில் மயிர்க்கால் புள்ளி நெருக்கம், ஒன்றில் அகலம். இடதைக் கையில் தூக்கி, வலதுகளின் மேல் கண்ணை ஓட்டி, இதுதான் இவளுக்கு மாப்பிள்ளை என்று ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து, குதிகாலோடு குதிகால் சேர்த்து, மூக்கோடு மூக்கு சேர்த்துப் பார்க்கணும். சேர்ந்தால் நூல் கட்டிப் பெட்டிக்கு. கடைசியில் எப்போதும் ஒன்றிரண்டு மிஞ்சும். அதற்குப் பெயர் ஒத்தை. ஒத்தையெல்லாம் மூலையில் இருக்கிற நீலக் கூடைக்கு. விற்க முடியாது, மாட்ட முடியாது, ஒற்றைக்கால்காரன் எவனாவது வந்தாலொழிய அதற்கு வாழ்வில்லை. போன வாரம் ஒரு ஒத்தை வந்தது. இடதுகால். எவ்வளவு அழகான தோல் அது! தேனைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி நிறம், ஒரு தழும்பு இல்லை, ஒரு ஈக்கடி இல்லை. தொட்டால் உயிருள்ள கன்னம். இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றை அவன் தொட்டதில்லை. அதனாலேயே அதற்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் மற்றது அழுக்காகத் தெரிந்தது. எதனோடும் சேரவில்லை. ஷிப்டு முடியும்வரை மேஜை மேலேயே வைத்திருந்தான், கடைசியில் நீலக் கூடையில் போட்டான். போட்ட கை கொஞ்ச நேரம் கூடைக்குள்ளேயே இருந்தது. ஈடு இணை இல்லாதது. பெட்டியின் மேலே அதே வார்த்தையைப் பொன் எழுத்தில் அச்சடிக்கிறார்கள், கீழே அதே குணத்துக்காக ஒன்றைக் கூடையில் தூக்கிப் போடுகிறோம். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். சுகிர்தாவிடம் சொல்லலாம், அவளும் சிரிப்பாள், ஆனால் அந்தச் சிரிப்பு வேறு.

வெளியே யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. எழுந்து உட்கார்ந்தான். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய இங்கிலீஷ் அகராதி கட்டிலுக்குக் கீழே கிடந்தது. முன்னட்டை இல்லை, ஏ எழுத்தில் பாதி இல்லை. அதனால் ஏ-யில் தொடங்கும் வார்த்தைகளில் பலவற்றை அவன் இன்றுவரை நம்புவதில்லை. எட்டாவதோடு நின்ற படிப்புக்கு மேலே இந்தப் புத்தகம்தான் அவனுக்குக் கல்லூரி. அர்த்தத்துக்குப் பிறகு சதுர அடைப்புக்குள் பொடி எழுத்தில் ஒவ்வொரு வார்த்தையின் பிறப்பும் போட்டிருக்கும், எந்த ஊர், எந்தக் குடும்பம், எப்போது கிளம்பி வந்தது என்று. வார்த்தையைவிட அவனுக்கு அந்தப் பொடி எழுத்தில்தான் கிறுக்கு. தேடி எடுத்தான். தீக்குச்சி மேட்ச் தனி, அது பிரெஞ்சுக்காரன் வீட்டு விளக்குத்திரியிலிருந்து வந்தது. இந்த மேட்சுக்கு அதனோடு உறவே இல்லை, முகச்சாயல் மட்டும்தான். இது பழைய இங்கிலீஷ். துணை. கூட இருக்கிற ஆள். ஜோடியில் ஒன்று. புருஷன், அல்லது பொண்டாட்டி. விரலை வைத்து மறுபடி படித்தான். புருஷன் அல்லது பொண்டாட்டி என்றுதான் இருந்தது. அதற்கும் கீழே போனால் பொருந்துவது என்றொரு கருத்து. இன்னும் கீழே, யாரும் கண்ணால் பார்க்காத ஒரு வேர். பிசைவது, பிசைந்து உருவம் கொடுப்பது என்று அதற்குப் பெரியவர்கள் ஊகம் பண்ணியிருக்கிறார்கள். சப்பாத்தி மாவு. முழங்கை வரை மாவோடு சுகிர்தா நெற்றி முடியைத் தோளால் ஒதுக்குவது ஞாபகம் வந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்க்கக் கிடைக்கிற காட்சி. தண்ணீர் கொஞ்சம், மாவு கொஞ்சம், எது தண்ணீர் எது மாவு என்று தெரியாமல் போகிறவரை பிசைந்தால் அது மேட்ச். பின்னால் ஒட்டியிருக்கும் லெஸ் என்பது இல்லை என்பது. ஆக, எல்லாரையும்விட உயர்ந்தவன் என்று ஒருத்தனை அந்த ஊர்க்காரன் புகழ நினைத்தபோது, பக்கத்தில் ஆளில்லாதவன் என்றுதான் அவனுக்குச் சொல்ல வந்தது. நம்ம ஆளும் அதையேதான் சொல்லி வைத்திருக்கிறான், இணையில்லாதவன் என்று. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததுகூடக் கிடையாது, அவன் பனியில், இவன் வெயிலில். ஆனாலும் உச்சியில் ஒருத்தனை ஏற்றணும் என்றால் முதலில் பக்கத்திலிருக்கிறவளை இறக்கிவிடணும் என்று இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கிறது. ஆலயத்தில் ஞாயிறுதோறும் ஒப்பில்லாதவரே என்று கையைத் தூக்கிச் சொல்கிறோமே, கேட்டுக்கொண்டிருக்கிற அவருக்கு எப்படி இருக்கும்? முதன்முதலாக ஆண்டவரை நினைத்து அவனுக்குப் பாவமாக இருந்தது. சாப்பிட்டீரா என்று கேட்க அவருக்கு யார் இருக்கிறார்கள்?

புத்தகத்தை மூடி மார்பின் மேல் வைத்துக்கொண்டு படுத்தான். மூச்சு விடும்போது அகராதி ஏறி இறங்கியது. அல்தாப்புக்கு என்ன பதில் சொல்வது? அல்தாப் நல்ல பையன், சூப்பர்வைசர் என்றாலும் அண்ணா போட்டுத்தான் பேசுவான், பகல் பக்கமிருந்து ராத்திரிக்கு இந்த மாதம்தான் வந்தவன். ராத்திரி நடுவில் டீ குடிக்கிறபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “சீலண்ணா, பகல் ஷிப்டுல மேட்சிங் டேபிளுக்கு ஒரு ஆள் கேக்கறாங்க. உங்களைத்தான் நெனச்சேன். வூட்ல அக்காவும் பகல்தானே. ஒண்ணா போலாம், ஒண்ணா வரலாம்” என்றான். ஒன்றாகப் போகலாம், ஒன்றாக வரலாம். எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டான். எந்தப் புருஷனும் எழுந்து நின்று சரி என்று சொல்லியிருப்பான். இவன் டீ தம்ளரின் அடியில் இருந்த சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு, “யோசிச்சி சொல்றேம்ப்பா” என்றான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறது. சொன்னால் யாருக்கும் விளங்காத ஒன்று இருக்கிறது. பயம். இருபத்தைந்து வயதுப் பயலுக்கு இருக்க வேண்டிய பயம், ஐம்பதைத் தொடுகிறவனுக்கு. அவளோடு ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் பசித்து, விளக்கை அணைக்கலாமா வேண்டாமா என்று கேட்டு அவன் வாழ்ந்ததேயில்லை. ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பயத்துக்கே காரணம். பெனிட்டாவுக்குத் தம்பியோ தங்கையோ பிறந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளை என்றுதான் கூப்பிட்டிருக்கணும் என்று சுகிர்தா கேலி பண்ணுவாள். வாரத்தின் மற்ற நாளில் அது உண்டாக வழியே இல்லையாம். அது சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவள் படுத்ததும் தூங்கிவிடுவாள், இவனுக்கோ அப்போதுதான் விடியும். சமையலறையில் உட்கார்ந்து அகராதியைப் புரட்டுவான், ஒரு பாத்திரத்தைத் தட்டிவிடுவான், “இன்னாய்யா பேய் மாதிரி” என்று உள்ளேயிருந்து குரல் வரும். மத்தியானம் அவள் பேச உட்கார்ந்தால் இவன் கண் சொருகும். விருந்தாளி மாதிரிதான் இருவரும், ரொம்பப் பிரியமான விருந்தாளி, ஆனால் எப்போது கிளம்புவார் என்று உள்ளுக்குள் ஒரு மூலை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். மற்ற ஆறு நாளும் அப்படியில்லை. மற்ற ஆறு நாளும் அவளைப்போல ஒருத்தி உலகத்தில் இல்லை. அவள் மூடி வைத்துவிட்டுப் போன குழம்பில், கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிற நைட்டியில், பாதி தீர்ந்த பவுடர் டப்பாவில், அவன் வந்ததும் குடிக்கட்டும் என்று பிளாஸ்க்கில் ஊற்றி வைத்த காப்பியில், அவள் இல்லாத இடமெல்லாம் அவளாக இருப்பாள். பிளாஸ்க்கைத் திறந்ததும் வருகிற ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பான், அது அவள் மூச்சு என்று யாரிடமும் சொன்னதில்லை. பகலுக்கு மாறிவிட்டால் பிளாஸ்க் எதற்கு? சூடாக அவளே தம்ளரில் கொடுத்துவிடுவாள், அதுதானே நல்லது, அதைத்தானே எல்லாரும் குடித்தனம் என்கிறார்கள். ஆனாலும் ஒருவேளை, ஒருவேளை இத்தனை வருஷப் பிரியமும் அந்த இடைவெளியில் விளைந்ததுதான் என்றால்? இடைவெளியை அடைத்துவிட்டால்?

ட்யூப் லைட்டில் சேர்ந்த ஜோடி வெயிலில் சேராது. அந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் இது. ராத்திரி மேஜையில் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும், காலையில் வாசலுக்குக் கொண்டுபோனால் ஒன்று சிவப்பாகவும் ஒன்று பச்சை ஓடியதாகவும் காட்டிக்கொடுக்கும். வெளிச்சம் மாறினால் சாயமும் மாறுகிறது. அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி முழுக்க அவன் சேர்த்த ஜோடிகளை அப்போதைய மேஸ்திரி வெயிலில் வரிசையாகப் பரப்பி வைத்து, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டி, “பாருங்கடா, இவன் நடத்தி வெச்ச கல்யாணத்தை!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அன்றிலிருந்து அவனுக்கு வெயிலென்றால் ஒரு கூச்சம். சந்தேகமாக இருக்கிற ஜோடியை இப்போதெல்லாம் விடியும்வரை கட்டாமல் வைத்திருந்து, வாசலில் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் கட்டுவான். அவனும் சுகிர்தாவும் ஒரே வெளிச்சத்தில் தொடர்ச்சியாக நின்றது எப்போது? கல்யாணத்துக்குப் பிறகு பெனிட்டா பிறக்கிற வரை, அவ்வளவுதான். அப்போது இருவருமே வேறு தோல். இப்போது கொண்டுபோய் வாசலில் வைத்தால் என்ன தெரியும்? அவளுக்கு அவன் எப்படித் தெரிவான்? பேச்சில்லாமல் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற ஒரு ஆளோடு நாள் முழுக்க, ராத்திரி முழுக்க. வீட்டுக்காரருக்குத் தெரியும் என்று புனிதாவிடம் பீற்றிக்கொள்கிறாளே, பக்கத்திலேயே இருந்தால் பீற்றிக்கொள்வாளா? தூரத்தில் இருக்கிறவனைத்தான் பெருமை பேச முடியும். ஈடு இணையில்லாதவன் என்று தூரத்திலிருந்துதான் சொல்ல முடியும். அதுதானே அந்த வார்த்தை. பக்கத்தில் ஆளில்லாதவன். போதும். வேண்டாம். அல்தாப்பிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை, சாவி தினமும் கைமாறும், காப்பி பிளாஸ்க்கில் இருக்கும். அவசரமும் இல்லை. நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டு மணிக்குள் சொன்னால் போதும் என்றுதானே அல்தாப் சொன்னான், நாளைக்குத்தானே.

நாளைக்கு.

எப்போது சொன்னான்? ராத்திரி டீ குடிக்கும்போது. இந்தப் பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு நாள் என்பது படுத்தால்தான் முடியும். விடிந்தாலும், பஸ் ஏறினாலும், இட்லி தின்றாலும், படுக்கிற வரைக்கும் அது இன்றைக்குத்தான். தூங்கி எழுந்து, மறுபடி வேலைக்குப் போய்த் திரும்பினால்தான் நாளைக்கு. ராத்திரி ஷிப்டில் பழையவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான். ஒருத்தர் நாளைக்கு என்றால் மற்றவருக்குச் சரியாக விளங்கும், இதனால் சண்டை வந்ததில்லை. ஆனால் அல்தாப் பழையவன் இல்லையே. பகலிலிருந்து வந்தவன். அவனுக்கு விடிந்தால் நாளைக்கு. அந்த நாளைக்கு இதோ ஜன்னல் அட்டையின் ஓரத்தில் கோடாக விழுந்துகொண்டிருக்கிறது. மார்பின் மேலிருந்த அகராதி சரிந்து தரையில் விழுந்தது. பகல் மேனேஜரிடம் பெயர் சொல்ல மத்தியானம் நானே கம்பெனியில இருப்பேன் என்றும் சொன்னானே, அப்போதே இது உறைத்திருக்க வேண்டாமா? இன்றைக்கு மத்தியானம். இன்றைக்குச் சாப்பாட்டு மணி. அதற்கு மேல் வேறு ஆள். நல்லதாயிற்று, வேண்டாம் என்று சொல்லக்கூடத் தேவையில்லை, தூங்கினாலே போதும், மணி தானாக அடித்துவிடும். வேண்டாம் என்று அவன் சொன்னதாகவும் இருக்காது, அவளிடம் மறைத்ததாகவும் இருக்காது, தூங்கிவிட்டேன் என்றால் முடிந்தது. எத்தனை வசதி. திரும்பிப் படுத்தான். அவள் பள்ளம். படுத்த வேகத்தில் எழுந்துவிட்டான். ஏன் எழுந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது, கை சட்டையை எடுத்துவிட்டது, மனசு மட்டும் இன்னும் கட்டிலில் உட்கார்ந்து யோசிக்கலாம் யோசிக்கலாம் என்றது. தவறவிட்டுவிடுவோம் என்று தெரிந்த நொடியில்தான் எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தது. கேடுகெட்ட மனசு, அதற்கு முந்தின நொடி வரை சொல்லமாட்டேன் என்கிறது. முதலில் யாரிடம் போவது? அல்தாப்பிடமா? இல்லை. அவளைக் கேட்காமல் எப்படி? கேட்காமலே வேண்டாம் என்று தீர்மானம் பண்ணினாயே, கேட்காமலே சரி என்று சொல்ல மட்டும் கூச்சமா? வெயில் பொட்டில் அடித்தது. இந்த நேரத்து வெயில் இவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்பதே மறந்து போயிருந்தது. தெருவில் பார்த்தவர்களெல்லாம் அவனை விசாரிக்கிற கண்ணோடு பார்த்தார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறி, கம்பிக்கும் ஒரு கோழிக்கூடைக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். சுகிர்தா, ஒண்ணு கேக்கணும். சுகிர்தா, நீ தப்பா நெனைக்கலேன்னா. சுகிர்தா, நான் பகலுக்கு வந்தா உனக்குத் தொந்தரவா இருக்குமா? கோழி ஒன்று அவனை ஒற்றைக் கண்ணால் பார்த்தது.

கேட்டில் வாட்ச்மேன் வேலு, “இன்னா சீலா, தூக்கத்துல நடந்து வந்துட்டியா?” என்றான். ஞானசீலன் நேரே உள்ளே போனான். தைக்கும் கூடத்துக்குள் அவன் இதுவரை காலை வைத்ததில்லை. ராத்திரியில் அது பூட்டிக் கிடக்கும் இருட்டு. இப்போது கதவைத் தள்ளியதும் நூற்றுக்கணக்கான மிஷின்களின் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. வரிசை வரிசையாகக் குனிந்த தலைகள், எல்லாத் தலையிலும் ஒரே நீலத் துணிக்கட்டு. எது அவள்? பின்கழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நடந்தான். இது இல்லை, இது இல்லை, இதுவும் இல்லை. உலகத்தில் அவளைப்போல ஒருத்தி இல்லை என்றவனுக்கு இப்போது எல்லாரும் அவளைப்போலவே இருந்தார்கள். அப்போது ஜன்னலோரம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் நூலை அறுக்கத் தலையைத் தூக்கினாள், அவனைப் பார்த்தாள், பார்த்தவள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். எழுந்த பிறகுதான் அது சுகிர்தா என்று அவனுக்குத் தெரிந்தது.

“இன்னா? பெனிட்டாவுக்கு இன்னா?” அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. யாருக்கும் ஒண்ணுமில்ல.”

“அப்ப ஏன்யா இந்த நேரத்துல வந்து வயித்தைக் கலக்கறே?” நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மிஷின் மேலேயே சாய்ந்தாள். பிறகு ஞாபகம் வந்தவள்போலக் கண்ணாடியைச் சட்டென்று கழற்றி உள்ளங்கையில் மறைத்தாள்.

“எப்பலேருந்து?” என்றான்.

“ஊசியில நூல் கோக்கத் தெரியல. ரெண்டு வருசமாவுது. வூட்டுக்கு எடுத்தாறது இல்ல. கெயவியாட்டம் இருக்கும்.” பிறகு, “இதைக் கேக்கவா வந்தே?”

பக்கத்து மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. “பகல் ஷிப்டுக்குக் கேட்டாங்க. மணி அடிக்கறதுக்குள்ள சொல்லணும். வரட்டுமா?”

பக்கத்து மிஷின்காரி, புனிதாவாகத்தான் இருக்கும், வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அல்தாப் முந்தாநேத்தே எங்கிட்ட கேட்டான்” என்றாள் சுகிர்தா. “அண்ணன் வருவாரான்னு. அந்தாளை நீயே கேளு, நான் சொல்லி வந்தாருன்னு இருக்கக் கூடாதுன்னுட்டேன். காலையில படிக்கட்டுல வாயைத் தெறக்கறியான்னு பாத்தேன். தீப்பெட்டியைப் பத்திப் பேசறே.”

“எனக்கு பயமா இருந்துச்சு.”

“எனக்கு மட்டும் இன்னாவாம்?” குரலைத் தாழ்த்தினாள். “நான் கொறட்டை விடுவேன்.”

“தெரியும்.”

“தெரியாது. ஞாயித்துக்கிழமை கொஞ்சம் அடக்கிகினு வுடறேன். எனக்கு ஃபேனும் ஆவாது.”

“எனக்கு ஃபேன் இல்லாம முடியாது.”

“சண்டை வரும்.”

“வரும்.”

“நெதம் வரும்யா.”

“வரட்டும்.”

அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு கூடத்தின் மறுகோடியைக் கண்ணால் காட்டினாள். அங்கே மேனேஜர் அறை வாசலில் அல்தாப் நின்று கடிகாரத்தையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். நடந்து போனால் ஆகாது என்று ஞானசீலனுக்குத் தோன்றியது. அவன் வாழ்க்கையில் அத்தனை பேர் நடுவே குரலெடுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு கையையும் வாய்க்குக் குவித்தான். “அல்தாப்! நான் பகலுக்கு வர்றேன்!” மிஷின் சத்தம் குறைந்திருந்ததால் அது தேவைக்கு மேல் பெரிதாகக் கேட்டது. கூடம் முழுக்கச் சிரிப்பு, யாரோ விசிலடித்தாள், ஒருத்தி “சுகிர்தாக்கா, எங்களுக்கெல்லாம் எப்ப பிரியாணி?” என்று கத்தினாள். அல்தாப் தலைக்கு மேல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அறைக்குள் ஓடினான். மணி அடித்தது.

எல்லாரும் டிபன் பாக்ஸோடு எழுந்து போக, அவர்கள் இருவர் மட்டும் மிஷினுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அவளுக்குப் பின்னால் ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. அவன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையில் கிடந்த நூல்துண்டுகளைப் பார்த்தான். சுகிர்தா உள்ளங்கையை விரித்து, கண்ணாடியை முந்தானையில் துடைத்து, இந்தத் தடவை நிதானமாக மாட்டிக்கொண்டு, கொஞ்சம் தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தாள்.

“அடப்பாவி” என்றாள், “எப்பய்யா உனக்கு இவ்ளோ நரைச்சிச்சு?”